கூனும் கோணலும்: முதுகெலும்பைப் பற்றி ஒரு பாடம்

மனித உடலின் நடுத்தூண் முதுகெலும்பு என்று கீழ் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். தூண் என்றவுடன் மாமல்லபுரத்து மண்டபங்களில் ஒரே கல்லில் குடைந்தெடுத்த தூண் நினைவுக்கு வந்தால் அது தவறு. நம் முதுகில் இருப்பது ஒரு கல் அன்று. சிறு சிறு எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுநடுவே மெத்தை வைத்து, நாலாபுறமும் கயிறு கட்டி நிறுத்திய அடுக்கு. குழந்தைக்கு 33 முள்ளெலும்புகள். கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5, அதன் கீழே 5, வால் நுனியில் 4. பெரியவர்களாகும்போது கடைசி இரு கூட்டங்களும் ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை 26 ஆகிறது. இந்த அடுக்கின் நடுவிலே ஒரு குழாய், அதனுள்ளே தண்டுவடம். அடுக்கு சரிந்தால் அழகு மட்டும் கெடுவதில்லை. தண்டுவடம் நசுங்கினால் கால் விளங்காமற் போகும், சிறுநீர் கட்டுக்கடங்காமற் போகும், மூச்சும் குறையும்.

நம் முன்னோர் கூனைக் கண்டு இரங்கியும் இருக்கிறார்கள், எள்ளியும் இருக்கிறார்கள். இராமாயணத்துக் கூனியை எல்லாரும் பழிக்கிறோம். அவளுக்கு ஏன் கூன் விழுந்தது என்று கேட்டவர் குறைவு. கூன்பாண்டியன் திருஞானசம்பந்தரால் கூன் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறன் ஆனான் என்ற வரலாற்றை நம் ஊரில் அறியாதவர் இல்லை; சம்பந்தர் பாடிய தலங்களில் திருக்கழுக்குன்றமும் ஒன்றல்லவா? நமது நற்செய்தியிலோ, புனித லூக்கா 13-ஆம் அதிகாரத்தில், பதினெட்டு ஆண்டுகளாகச் சிறிதும் நிமிர முடியாதிருந்த ஒரு பெண்ணைக் காண்கிறோம். அவள் கேட்கவில்லை, இயேசுவே அவளைக் கண்டு கூப்பிடுகிறார். லூக்கா மருத்துவர் என்பது திருச்சபையின் மரபு. ஆண்டுக் கணக்கையும் நிமிர முடியாமையையும் அவர் மறவாமல் எழுதியிருப்பது மருத்துவரின் கண் போலவே இருக்கிறது என்பது நமது எண்ணம்.

கூன் விழுவதற்குக் காரணங்கள் பல. பிறவியிலேயே எலும்பு அரைகுறையாக அமைவது ஒன்று. முதுமையில் எலும்பு உளுத்து நொறுங்குவது ஒன்று. ஆனால் நம் நாட்டிலே, சிறுவர் சிறுமியர் முதுகில் கூனை உண்டாக்கும் காரணங்களில் நெடுங்காலமாக முதலிடம் பெற்றது காசநோய். காசம் என்றால் இருமல், நுரையீரல் என்று மட்டும் எண்ணுகிறோம். அந்தக் கிருமி இரத்தத்தின் வழியே சென்று முள்ளெலும்பின் முன்பகுதியில் குடியேறுவதும் உண்டு. முன்பக்கம் கறையான் அரித்த அலமாரி எந்தப் பக்கம் சாயும்? முன்பக்கந்தான். அப்படியே முள்ளெலும்பின் முன்பகுதி கரைய, பின்பகுதி அப்படியே நிற்க, அடுக்கு முன்னோக்கிச் சரிகிறது. பின்னால் ஒரு முடிச்சுப் புடைக்கிறது. இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-இல் இந்நோயை விவரித்து எழுதினார். கிருமி இன்னதென்று ராபர்ட் காக் கண்டுபிடித்தது 1882-இல். ஆனால் நோய் அவர்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூத்தது. எகிப்தில் பதப்படுத்திப் புதைத்த உடல்களின் முதுகெலும்பிலும் அதன் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

இதற்கு மருத்துவம் என்ன? மருந்து பிறக்குமுன் ஒரே வழி படுக்கைதான். மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், மாவுக்கட்டுப் படுக்கையில் குழந்தையை மல்லாத்திக் கிடத்துவார்கள். 1940-களிலும் 1950-களிலும் மருந்துகள் வந்த பிறகும் படுக்கை வேண்டுமா, அறுவை வேண்டுமா என்ற வழக்கு தீரவில்லை. ஹாங்காங் நகரில் ஹாட்ஜ்சன் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் மார்பின் வழியே சென்று கெட்ட எலும்பை முழுவதும் சுரண்டியெடுத்து, நல்ல எலும்புத் துண்டை அங்கே ஒட்டவைக்கும் பெரிய அறுவையைச் செய்து காட்டினார்கள். சிறந்த முறைதான். ஆனால் அதற்குத் தேர்ந்த கைகள் வேண்டும், பெரிய மருத்துவமனை வேண்டும், மயக்கமருந்து வல்லுநர் வேண்டும். ஏழை நாட்டில் எத்தனை பேருக்கு இது கிட்டும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நம் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது. நுரையீரல் காசநோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்துப் பேணினாலும், வீட்டிலேயே இருத்தி மருந்து கொடுத்தாலும் பயன் ஏறக்குறைய ஒன்றே என்று 1959-இல் உலகுக்கு எடுத்துக் காட்டியவர்கள் அவர்களே. வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் குறைவு, வீடும் நெருக்கடி. அப்படியிருந்தும் குணமானார்கள்! காரணம், மருந்தை ஒழுங்காக உட்கொண்டதே.

அதே நிலையம் 1970-களின் நடுவிலிருந்து முதுகெலும்புக் காசநோயை எடுத்துக்கொண்டது. சென்னை மருத்துவமனைகளின் எலும்பு மருத்துவர்களும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கைகோத்தார்கள். காலும் கையும் பெரிதும் விளங்காமற்போகாத 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பெரிய அறுவையும் 6 மாத மருந்தும். இன்னொரு பிரிவுக்கு அறுவை இல்லை, படுக்கை இல்லை, மாவுக்கட்டு இல்லை. நடமாடிக்கொண்டே 6 மாத மருந்து. மூன்றாம் பிரிவுக்கு அவ்வாறே 9 மாத மருந்து. ஏன் குலுக்கல் என்று கேட்பீர்கள். மருத்துவரே பிரித்தால், அறியாமலே நல்ல நிலையில் உள்ளவர்களைத் தமக்குப் பிடித்த பக்கம் சேர்த்துவிடுவார்; அப்புறம் ஒப்பிட்டுப் பயன் என்ன? பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது மூன்று பிரிவிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேரோ அதற்கு மேலோ நலமாக இருந்தார்கள். கத்தியில்லாமல், படுக்கையில்லாமல், தம் வேலையைப் பார்த்துக்கொண்டே முதுகுக் காசத்திலிருந்து குணமாகலாம் என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. கால் விளங்காமற்போய் மருந்தால் திரும்பாதவர்களுக்கும், வளைவு மிகுந்தவர்களுக்கும் அறுவை இன்றும் வேண்டியதே. அதை மறுக்க வேண்டாம்.

இங்கே கணக்குப் பிரியர்களுக்கு ஒரு விருந்து. நோய் தீர்ந்த பின் கூன் எத்தனை பாகையில் நிற்கும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்ல முடியுமா? டாக்டர் எஸ். ராஜசேகரனும் சென்னைப் பேராசிரியர் டி. கே. சண்முகசுந்தரமும் 1987-இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார்கள். தொடக்க எக்ஸ்ரேயில் எத்தனை முள்ளெலும்பு அளவு கரைந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். அதை 30.5-ஆல் பெருக்கி 5.5-ஐக் கூட்ட வேண்டும். ஒரு முழு எலும்பு கரைந்திருந்தால் 30.5-உம் 5.5-உம் சேர்ந்து 36 பாகை. ஒன்றரை எலும்பு என்றால் 45.75-உம் 5.5-உம் சேர்ந்து 51.25 பாகை. நேர்கோட்டுச் சமன்பாட்டினால் என்ன பயன் என்று கேட்கும் பெண்களுக்கு இதைவிட நல்ல விடை நமக்குத் தெரியாது. அறுவையின்றி மருந்து மட்டும் உண்பவர் யாருக்குக் கூன் பெரிதாகும் என்பதை முன்னரே அறிந்து, வேண்டியவர்களுக்கு மட்டும் அறுவை செய்யலாமே!

ஆனால் குழந்தைகளின் கதை வேறு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவராகப் பின்னர் உலகப் புகழ் பெற்ற அதே ராஜசேகரன், சிறு வயதில் மருந்தால் குணமான 61 பிள்ளைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-இல் முடிவை எழுதினார். பதினைந்து ஆண்டுகள்! பாவாடை கட்டி வந்த குழந்தை புடவை கட்டி வரும் வரை. நோய் தீர்ந்துவிட்டது, கிருமி இல்லை. ஆயினும் நூற்றுக்கு 39 பேருக்குக் கூன் வளர்ந்துகொண்டே போயிற்று. 44 பேருக்கு, வியப்பாக, தானே குறைந்தது. மற்ற 17 பேருக்கு மாற்றமில்லை. ஒரே நோய், ஒரே மருந்து; ஏன் இந்த வேறுபாடு? எலும்பின் மேலும் கீழும் வளர்ச்சிக்கென்று குருத்தெலும்புத் தட்டுகள் உண்டு. முன்பக்கத் தட்டுகள் பிழைத்திருந்தால் வளர்ச்சியே கூனை நிமிர்த்துகிறது. அவை அழிந்து, பின்பக்கம் மட்டும் வளர்ந்தால் வளர்ச்சியே கூனைக் கூட்டுகிறது. ஒரு பக்கச் சக்கரம் ஓடி மறுபக்கச் சக்கரம் நின்றுபோன வண்டி எப்படித் திரும்பும் என்று எண்ணிப் பாருங்கள். எந்தக் குழந்தைக்கு ஆபத்து என்று எக்ஸ்ரேயில் காட்டும் நான்கு அடையாளங்களையும் அவர் வகுத்தார். அவற்றில் இரண்டுக்கு மேல் தென்பட்டால் கூன் முற்றுமுன் அறுவை செய்து தடுத்துவிடலாம்.

ஆகவே தாய்மார்கள் கவனிக்க வேண்டியது இது. வாரக்கணக்கில் நீங்காத முதுகுவலி, மாலையில் இளங்காய்ச்சல், உடல் மெலிதல், பசியின்மை, இரவில் தூக்கத்திலே வீறிட்டு அழுதல். கீழே விழுந்த பொருளை எடுக்கும்போது குனியாமல், முதுகை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு குந்தி எடுத்தல். இந்தக் கடைசி அடையாளம் மிகப் பழைய மருத்துவர்களுக்கும் தெரிந்தது. இப்படிக் கண்டால் உருவிவிடுவதும் எண்ணெய் தேய்த்து அழுத்துவதும் வேண்டாம். உளுத்த எலும்பை அழுத்தினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு எட்டிய தூரந்தான். காசநோய்க்கு அரசு தரும் மருந்து இலவசம்.

இனி நம் வகுப்பறைகளுக்கு நேரே தொடர்புள்ள ஒன்று: கோணல். கூன் முன்பின்னாக வளைவது. கோணல் பக்கவாட்டில் வளைவது. பத்து வயதிலிருந்து பதினாறு வயதுக்குள், வேகமாக உயரம் கூடும் காலத்தில், வேறெந்த நோயும் இல்லாத பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குச் சிறிது பக்கவளைவு தோன்றுகிறது. சிறு வளைவு ஆண் பெண் இருபாலார்க்கும் ஏறக்குறைய ஒப்பவே வரும். ஆனால் வளர்ந்து பெரிதாகும் வளைவு பெண்களிடமே மிகுதி. காரணம் முழுவதும் இன்னும் விளங்கவில்லை, பரம்பரைக்குப் பங்குண்டு. கோணி உட்கார்ந்து எழுதியதாலோ புத்தகப் பையாலோ இது வருவதில்லை. (பை கனக்கலாம் என்று நாம் சொல்லவில்லை. பையின் எடை மாணவியின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. அதைத் தாண்டினால் தோளும் முதுகும் வலிக்கும். ஆனால் பக்கவளைவு அதனால் அன்று.)

வலியில்லாததால் இது ஒளிந்துகொள்கிறது. சீருடைக்கு அளவெடுக்கும் தையற்காரம்மா, "ஒரு தோள் எறக்கமா இருக்கே பாப்பா" என்பார். தாவணி ஒரு பக்கம் வழுக்கும். பாவாடையின் ஓரம் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். இலண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865-இல் சொன்ன எளிய சோதனை இன்றும் மாறவில்லை. பிள்ளையை நேராக நிறுத்தி, கால்களைச் சேர்த்து, முழங்கால் மடங்காமல், இரு உள்ளங்கைகளையும் இணைத்துத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள். பின்னால் அமர்ந்து முதுகின் மேற்பரப்பைக் கண் மட்டத்தில் பாருங்கள். இருபுறமும் சமமா, ஒருபுறம் மேடு தட்டுகிறதா? மேடு தட்டினால் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்து வளைவின் கோணத்தை அளக்க வேண்டும். 10 பாகைக்குக் குறைந்தால் அதைப் பக்கவளைவு என்றே சொல்வதில்லை. அதற்குமேல் 25 வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். 25 முதல் 40 வரை, வளர்ச்சி இன்னும் மீதியிருந்தால், இடுப்பையும் விலாவையும் பிடிக்கும் கவசம் அணியச் சொல்வார்கள். 50-ஐ நெருங்கினால் அறுவையைப் பற்றிப் பேசுவார்கள்.

கவசத்தால் உண்மையிலே பயன் உண்டா என்று மருத்துவரே நெடுநாள் ஐயுற்றனர். அமெரிக்காவிலும் கனடாவிலும் 242 பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியின் முடிவு 2013-இல் வந்தது. கவசம் அணிந்தவர்களில் நூற்றுக்கு 72 பேரின் வளைவு 50 பாகையை எட்டாமல் நின்றது. அணியாதவர்களில் 48 பேருக்கே நின்றது. நாளுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களிலோ நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். நம் ஊர் வெயிலில், சீருடைக்குள்ளே பிளாஸ்டிக் கவசம் அணிந்து பள்ளிக்கு வருவது எளிதன்று. அப்படி வருகிற பெண்ணின் பெஞ்சில் அமர்பவள் அதை வேடிக்கை பார்க்காதிருந்தாலே அந்த 13 மணி நேரத்தில் பாதி நிறைவேறிவிடும்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெண்ணுக்கு முதுகு கோணல் என்று தெரிந்தால் நாளை வரன் வருமா என்று அஞ்சி, மருத்துவரிடமே காட்டாமல் மறைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சம் பொய்யன்று. ஊர் வாய் அப்படி. ஆனால் எலும்பு ஊர் வாயைக் கேட்டு வளர்வதில்லை. பெண் பூப்படைவதற்குச் சற்று முன்னும் பின்னுமான இரண்டு மூன்று ஆண்டுகளே வளைவு விரைந்து கூடும் காலம். கவசம் பயன்படும் காலமும் அதுவே. மறைத்த இரண்டு ஆண்டு திரும்பி வராது. சிறு வளைவுள்ள பெண் விளையாடலாம், ஓடலாம், நம் வேதகிரி மலையின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறலாம். பிற்காலத்தில் மணந்து பிள்ளை பெறுவதற்கும் இது தடையன்று.

முதுகொடிந்தால் வாழ்வு ஒடிந்ததா? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தொன்றில் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அங்கே டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைகளைச் செய்துகொண்டிருந்தார். பிராண்டுக்கு அந்த எண்ணமே நம் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க வந்தபோது எழுந்தது என்பது நம் மாவட்டத்தார் பலரும் அறியாத செய்தி. அந்தக் கை அறுவையைச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யலாமே என்று மேரி கற்றுக்கொண்டார், செய்தார். பின்பு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூர் திரும்பி, அத்துறையை நடத்தினார். 1966-இல் அங்கே மறுவாழ்வு இல்லம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986-இல் மறைந்தார்.

மெத்தைகளை மறந்துவிட்டோம். முள்ளெலும்புகளுக்கு இடையே 23 வட்டுகள் உள்ளன. நடுவிலே நீர் நிறைந்த கொழகொழப்பு, சுற்றிலும் நார் வளையங்கள், மேலும் கீழும் மெல்லிய குருத்தெலும்புத் தட்டு. பகலெல்லாம் பாரம் தாங்கி நீர் கசிவதால் மாலையில் நாம் ஒரு சென்டிமீட்டர் அளவு குள்ளமாகிறோம். இரவு படுத்தால் மீண்டும் நீர் ஊறுகிறது. வளர்ந்தவரின் வட்டுக்குள்ளே இரத்தக்குழாய் செல்வதில்லை. பின் எப்படி அது உண்கிறது? மேலும் கீழும் உள்ள தட்டின் வழியே சத்து ஊறி ஊறித்தான் செல்ல வேண்டும். ராஜசேகரனும் துணைவரும் நரம்பில் ஒரு மருந்தை ஏற்றி, 24 மணி நேரம் விட்டுவிட்டுக் காந்தப் படம் எடுத்து, அது வட்டின் நடுவை எப்போது சேருகிறது என்று உயிருள்ள மனிதரிடமே காட்டினார்கள். நடுவை நிறைப்பதற்குப் பல மணி நேரம் ஆயிற்று. தட்டு பழுதாகியிருந்த வட்டில் அந்த ஊறுதல் முறை தவறியிருந்தது. இந்த ஆராய்ச்சிக்கு 2004-இல் இடுப்பு முதுகெலும்பு ஆராய்ச்சிக்கான பன்னாட்டுச் சங்கத்தின் பரிசு கிடைத்தது. வட்டு கெடுவதற்கு வட்டைப் பார்த்தால் போதாது, தட்டைப் பார் என்பதே அதன் சாரம்.

முழங்கால் மூட்டின் குருத்தெலும்பும் இத்தகையதே. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் தடிப்பு. முக்காற்பங்குக்கு அருகே நீர். இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. உயிரணுக்கள் மிகச் சிலவே. அவையும் தத்தம் அறையில் சிறையிருக்கின்றன. தோலில் காயம் பட்டால் இரத்தம் உறைந்து, அணுக்கள் ஓடிவந்து மூடுகின்றன. இங்கே ஓடிவர யாருமில்லை. குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீளாது என்று வில்லியம் ஹன்டர் 1743-இலேயே எழுதிவிட்டார். கோவில் திண்ணையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமரும் பாட்டிமாருக்கும், ஐம்பது ஆண்டுகள் நற்கருணைமுன் முழந்தாளிட்ட நம் மூத்த அருட்சகோதரிகளுக்கும் இது சொல்லித் தெரிய வேண்டியதன்று.

ஹன்டரின் சொல்லை முதலில் அசைத்தவர்கள் சுவீடன் நாட்டார். மூட்டின் பாரம் படாத ஓரத்திலிருந்து சிறு துண்டுக் குருத்தெலும்பை எடுத்து, அதன் அணுக்களை ஆய்வகத்தில் பெருக்கி, குழிவிழுந்த இடத்தில் மீண்டும் இட்டு மூடினார்கள். நாற்றங்காலில் விட்டு வயலில் நடுவது போல! 23 பேரிடம் செய்த முடிவை 1994-இல் வெளியிட்டார்கள். விளையாட்டில் அடிபட்டு ஓரிடத்தில் குழிவிழுந்த இளையோருக்கு இது பயன்படுகிறது. மூட்டு முழுவதும் தேய்ந்த முதியோருக்கு இது வழியன்று. விளம்பரங்களை நம்பிப் பணம் இறைக்க வேண்டாம்.

குழந்தைகளுக்கோ வேறொரு தேவை உண்டு. அடிபட்டோ சீழ்பிடித்தோ வளர்ச்சித் தட்டின் ஒரு பகுதி எலும்பாக இறுகிவிட்டால், கால் ஒரு பக்கம் மட்டும் வளர்ந்து கோணுகிறது. முதுகுக் காசத்தில் கண்ட அதே கதை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை எலும்பு மருத்துவர்கள் அந்த இறுகிய பாலத்தை அகற்றி, பிள்ளையின் சொந்தக் குருத்தெலும்பு அணுக்களையே வளர்த்து அவ்விடத்தில் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். வைத்த அணுக்கள் பிழைத்துத் தட்டாகவே வேலை செய்கின்றனவா என்பதை ஒரே ஆண்டில் சொல்லிவிட முடியாது. குழந்தை வளர்ந்து முடியும்வரை, ஆண்டுதோறும் இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டும்.